பழைய காரை எறியாதீர்கள்!

கையில் ஒரு பெட்டி. அதிலிருந்து கிளம்பும் ரேடியோ அலைக்குக் கட்டுப்பட்டு ஓடும் ஒரு பொம்மைக் கார். அது பழசாகி நின்றுவிட்டால் எறிந்துவிடலாமா? கூடாது!

ஜப்பானில் சிசுவோக்கா நகரில் தமியா என்ற கம்பெனி இருக்கிறது. 1984-ம் ஆண்டில் அது "ஹார்னெட்" என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முழுக் காராக அல்ல, தனித்தனிப் பாகங்களாக! வாங்கியவர்களே திருகுகளை முடுக்கி அதைப் பூட்டினார்கள். பூட்டியதைக் கழற்றவும் முடியும் அல்லவா?

நாற்பது ஆண்டில் என்ன கெடும்? ரப்பர் டயர் வெடிப்பு விடும். பல்சக்கரத்தில் கிரீஸ் காய்ந்துபோகும். பாட்டரி கசிந்து கம்பி முனைகளை அரிக்கும். அந்தக் காலத்துப் பாட்டரியில் காட்மியம் என்ற நஞ்சு உண்டு. அதைப் பெரியவர்கள்தான் எடுக்கவேண்டும். குப்பையில் வீசாமல், மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கவேண்டும். துடைப்பது, கழுவுவது, கிரீஸ் போடுவது எல்லாவற்றையும் பிள்ளைகள் செய்யட்டும்.

2004-ல் கம்பெனி ஹார்னெட்டை மீண்டும் வெளியிட்டது. "அப்படியானால் புதிதையே வாங்கலாமே!" என்பீர்கள்.

வாங்கலாம். ஆனால், அப்பா சிறுவனாக இருந்தபோது சுவரில் மோதிய கீறல் அதில் இராது. கெட்டதைச் சரிசெய்யும் பழக்கமும் பிள்ளைக்கு வராது. அதைக் கடையில் வாங்க முடியாது!