கடைசியில் பேசும் தலைவர்

2024 அக்டோபர் 30 அன்று போட்ஸ்வானாவில் தேர்தல் நடந்தது. 1966இல் விடுதலை பெற்றதிலிருந்து 58 ஆண்டுகள் ஆண்ட கட்சிக்கு, 61 தொகுதிகளில் நான்குதான் மிஞ்சின. அதிபர் மசிசி முழு முடிவு வரும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் டூமா போகோ புதிய அதிபராகப் பதவியேற்றார். ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தால் நாமும் நாலு வார்த்தை பேசியிருப்போம்.

வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ‘இந்த ஜனநாயகமெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப் போனது’ என்று யாராவது சொன்னால் சும்மா இருக்க முடிவதில்லை. இந்த நாட்டுக்கு அவன் என்ன செய்தான்? நிர்வாகத் தலைநகரைக்கூட நாட்டுக்கு வெளியே, தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங்கில் வைத்திருந்தான்.

அந்தப் பழக்கம் கோட்லாவிலிருந்து வந்தது. அந்நாட்டு ட்ஸ்வானா மக்களின் ஊர் மன்றம் அது: பிறை வடிவில் நட்ட மரக்கழிகள், தலைவரின் தாழ்ந்த நாற்காலி, சுற்றிலும் ஊரார். பேச நினைப்பவர் எழுந்து பேசுவார், தலைவரைக் குறைகூட சொல்வார். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் வாய் திறப்பார்.

அப்படிப் பழகியவர்களுக்கு 1895இல் ஒரு சோதனை வந்தது. சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் அவர்களுடைய மண்ணை ஒப்படைக்க லண்டன் தயாரானது. மூன்றாம் காமா, செபெலே, பாத்தோயென் என்ற மூன்று தலைவர்கள் இங்கிலாந்துக்கே போய் ஊர் ஊராகப் பேசி ஆதரவு திரட்டினார்கள். ரயில் பாதைக்கு ஒரு நிலத்துண்டை விட்டுக்கொடுத்து மற்றதைக் காப்பாற்றிக்கொண்டார்கள். தலைநகர் காபரோனில் அந்த மூவருக்கும் வெண்கலச் சிலை உண்டு.

காமாவின் பேரன் செரெட்சே, லண்டனில் படிக்கும்போது ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். செரெட்சேயை வளர்த்து, அவருக்காக ஆட்சி நடத்திவந்த சித்தப்பா ட்ஷெகெடியே எதிர்த்தார். 1949 ஜூனில் அவர்களுடைய ஊரான செரோவேயின் கோட்லா கூடியது. மறுப்பவர்கள் எழுந்து நிற்கச் சொன்னபோது நாற்பது பேர் அளவில் நின்றார்கள். ஏற்பவர்கள் எழச் சொன்னபோது ஆயிரக்கணக்கானோர் எழுந்தார்கள். ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசைப் பகைக்க அஞ்சிய பிரிட்டன் அதை மதிக்காமல் செரெட்சேயை நாடு கடத்தியது. அரசுரிமையைத் துறந்த பிறகே 1956இல் அவரால் ஊர் திரும்ப முடிந்தது. பத்தாண்டில் அவரே நாட்டின் முதல் அதிபர். இதில் யார் யாருக்கு ஜனநாயகம் கற்பித்தார்கள்?

அதற்காக கோட்லாவைக் கோயிலாக்கவும் நான் தயாரில்லை. நெடுங்காலம் அங்கே பேச்சு ஆண்களுக்குத்தான். பெண்கள் வெளியே, கலஹாரியின் சான் மக்கள் அதற்கும் வெளியே. விடுதலைக்குப் பிறகும் சான் மக்களின் நிலைமை பெரிதாக மாறவில்லை. அவர்கள் வாழ்ந்துவந்த வனவிலங்குக் காப்பகத்திலிருந்து அரசு அவர்களை வெளியேற்றியது. வழக்குப் போட்டார்கள், அது சட்டவிரோதம் என்று 2006இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அங்கே ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்கு 2011 வரை மேல்முறையீட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. ஊரைக் கேட்டு முடிவெடுக்கும் மரபு என்று பெருமை பேசிய கட்சியின் ஆட்சியில்தான் இது நடந்தது. வேலையின்மையும் வைர விற்பனைச் சரிவும் அந்தக் கட்சியைத் தோற்கடித்தன என்கிறார்கள். அந்தக் கிணற்றையும் கணக்கில் சேர்ப்பேன் நான்.