காதில் கேட்கும் குரலுக்குத் தியானச் செயலி போதுமா?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது முதல் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல்லை அடிக்கடி கேட்கிறேன். தேர்வு வாரம் வந்தால் பயிலரங்கு. கைத்தொலைபேசியைத் திறந்தால் தியானச் செயலியின் விளம்பரம். மூச்சைக் கவனி, வரும் எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காதே என்பதுதான் இந்த மனவிழிப்புப் பயிற்சியின் சாரம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய திட்டமே இதை மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது.

தேர்வுப் பதற்றத்துக்கு இது உதவலாம். ஆனால், பிறருக்குக் கேட்காத குரல் கேட்கிறது, யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அஞ்சும் ஒருவருக்கு?

இந்நிலையை மருத்துவம் 'சைக்கோசிஸ்' என்கிறது. மனச்சிதைவு நோய் இதில் ஒரு வகை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, உலகில் 2 கோடிக்கும் அதிகமானோருக்கு மனச்சிதைவு உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. அதாவது, நம் வயதில்.

இதன் தொடக்கக் கட்டத்தில் குரலைவிட அது தரும் பயமே பலரை முடக்குகிறது. தூக்கம் போகிறது, தூக்கம் போனால் சந்தேகம் இன்னும் வளர்கிறது. இந்தப் பயத்தைக் குறைக்க மனவிழிப்புப் பயிற்சியைப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் பிரிட்டன் உளவியலாளர் பால் சாட்விக். ஆனால், அவர் பயிற்சியை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. நீண்ட மௌனத்தில் உட்கார்ந்தால் நோயாளி குரல்களுக்குள் மூழ்கிவிடக்கூடும். அதனால் பத்து நிமிடம் போலச் சுருக்கினார்; பயிற்றுநர் இடையிடையே பேசி வழிகாட்டிக்கொண்டே இருப்பார். குரலை நிறுத்துவது நோக்கமல்ல. 'குரல் வருகிறது, அதோடு சண்டையும் வேண்டாம், அதற்குக் கீழ்ப்படியவும் வேண்டாம்' என்று பழகுவதே நோக்கம்.

செயலியை வைத்துக்கொண்டு அறைக்குள் தனியாகச் செய்வது இதற்கு ஈடாகாது. பல நாள் நீடிக்கும் தீவிரத் தியான முகாம்களுக்குப் பிறகு சிலருக்குச் சைக்கோசிஸ் ஏற்பட்டதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்துள்ளன. மருந்தும் உளவியல் சிகிச்சையும் குடும்பத்துக்கான ஆலோசனையுமே அடிப்படை. மனவிழிப்பு அவற்றுக்குத் துணை மட்டுமே.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவள் என்ற முறையில், எனக்கு இதைவிடப் பெரிய கவலை தாமதம்தான். ஒரு பையன் தனக்குத்தானே பேச ஆரம்பித்தால், 'காத்து கருப்பு அடிச்சிருச்சு' என்பார்கள். கோயில், மந்திரித்த கயிறு, சாமியாடி என்று மாதங்கள் ஓடும். பகாவ் வட்டாரத் தோட்டத்திலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் ஆகிவிடும். ஒரு நாள் சம்பளமும் போகும். 'பைத்தியம்' என்ற பெயர் வந்துவிடுமோ என்ற அச்சம் வேறு.

அதே தோட்டத்துக் குடும்பம்தான் நம் பலமும்கூட. 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனமும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும், சைக்கோசிஸின் தொடக்கத்தில் இருந்தவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தன. ஒதுங்கிப்போதல், ஆர்வமின்மை போன்ற அறிகுறிகளில் மொன்ட்ரியலைவிடச் சென்னையில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. சிகிச்சைக் குழுவோடு குடும்பத்தாருக்கு இருந்த தொடர்பும் சென்னையில் அதிகம். கோயிலுக்கு அழைத்துப்போகும் அதே அம்மாவும் மாமாவும் கிளினிக்குக்கும் அழைத்துப்போனால் எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள். சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் திடீரென வகுப்புக்கு வராமல், உறங்காமல், எல்லாரையும் சந்தேகித்தால் தியானச் செயலியை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாதீர்கள். அவரோடு அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள்; அங்குள்ள மருத்துவர் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555ஐ அழைக்கலாம். மூச்சைக் கவனிக்கும் பயிற்சியை எப்போது, எப்படித் தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.