31 தோல்விகளும் ஒரு வெற்றியும்

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்போல் சம்பியன் போட்டி 1950 முதல் ஒமாகா நகரில் நடைபெற்று வருகின்றது. 64 அணிகள் நந்நான்காகப் பிரிந்து மோத, எஞ்சும் எட்டு அணிகளே ஒமாகாவை அடையும்.

2008இல், கலிபோர்ணியாவின் பிரெஸ்னோ மாநிலச் சர்வகலாசாலை அணி தன் பிரிவில் நான்காந் தரத்திலேயே வைக்கப்பெற்றது. எனினும் இறுதிச் சுற்றை எட்டிற்று. மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்ல வேண்டிய அச்சுற்றின் முதலாட்டத்தில் ஜோர்ஜியாவிடம் 7–6 எனத் தோற்றது. மறுநாள் 19–10 என வென்றது. மூன்றாம் ஆட்டத்தில், நார் கிழிந்த பெருவிரலோடு ஆடிய ஸ்டீவ் டெட்வைலர் தம் அடிகளாலேயே ஆறு ஓட்டங்களையும் ஈட்டித்தர, 6–1 என வாகை சூடியது.

அப்பருவத்தில் அவ்வணி வென்றவை 47, தோற்றவை 31! பரீட்சையிற் புள்ளி குறைந்ததென வாடுவோர் இக்கணக்கைச் சற்றே சிந்திப்பாராக.