கடன் கொடுத்தால் வறுமை போகுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. தோல் தொழிலால் அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் ஊர்கள் என்று இவற்றைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆம்பூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். ஏஜென்ட் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் இவர்கள் பெயர் இருக்காது. அதனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. தலித் குடும்பங்களும் ஏழை இஸ்லாமியக் குடும்பங்களும்தான் இந்த வேலையை நம்பி இருக்கின்றன.

வறுமை ஒழிப்பு என்ற பெயரில் இவர்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் கடன்தான். குழுக் கடன் ஒன்று, அதன் தவணையைக் கட்ட நுண்கடன் நிறுவனத்தில் இன்னொன்று. வசூல் கெடுபிடியைத் தடுக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. கூலி உயராத வீட்டில் கடன் மட்டும் உயர்ந்தால் அதற்கு வறுமை ஒழிப்பு என்று பெயரா?

யார் ஏழை, அவருக்கு என்ன தேவை, பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் மக்களே முடிவு செய்வதுதான் சமூகம் நடத்தும் திட்டம். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. உலக வங்கிக் கடனுதவியோடு 2005இல் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில் ஊராட்சிதோறும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அமைந்தது. ஏழைகளின் பட்டியலை ஊர் கூடித் தயாரித்தது. நிதி சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. செலவைச் சரிபார்க்கச் சமூகத் தணிக்கைக் குழு இருந்தது. ஆனால் அது கிராமங்களுக்கான திட்டம். நகராட்சி எல்லைக்குள் இருக்கும் காலனி அதற்குள் வரவில்லை.

நகரத்தில் இது முடியாது என்பவர்கள் ஆலப்புழையைப் பார்க்கலாம். கேரளத்தின் அந்தச் சிறு நகரத்தில் 1990களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுக்களாகத் திரண்டார்கள். வருமானச் சான்றிதழைக் கேட்காமல், சொந்த வீடு, கழிப்பறை, குடிநீர், இரண்டு வேளைச் சோறு என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒன்பது அடையாளங்களை வைத்து ஏழைக் குடும்பங்களைக் கண்டறிந்தார்கள். அந்த அனுபவத்தின் மேல்தான் 1998இல் குடும்பஸ்ரீ எழுந்தது.

சரி, பணம்? மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, நம் சேமிப்பு. தொகை சிறியதுதான், ஆனால் சொந்தப் பணம் போட்டவர்தான் கணக்குக் கேட்பார். இரண்டாவது, சட்டம் தரும் பங்கு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகை விகிதப்படி அவர்களுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பதற்காகவே 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்டச் சட்டம் வந்தது. காலணி, தோல் பொருள் உற்பத்தித் தொழிலாளர்களுக்கும் தோல் பதனிடுவோருக்கும் தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, அறுபது வயதுக்குமேல் ஓய்வூதியம் ஆகியவை வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கு உண்டு. மூன்றாவது, கம்பெனிகள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. ஆனால் இந்தப் பணம் கூலிக்கு ஈடாகாது. ஜோடிக்கு நியாயமான கூலி என்ற கோரிக்கையை எந்தத் தையல் பயிற்சி மையத்துக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இந்த வரிசை முக்கியம். வெளிப்பணம் முதலில் வந்தால், பணம் நின்ற அன்றே சங்கமும் நின்றுவிடும். முதலில் தெரு கூட வேண்டும், பிறகு பட்டியல், அதன் பிறகே நிதி. பொறுப்புகள் ஒரே குடும்பத்திடம், ஒரே தெருவிடம் தங்கிவிடக் கூடாது. நமக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. அருந்ததியர் தெருவுக்கும், கணவனை இழந்து தனியாக இருக்கும் பெண்ணுக்கும் கடைசியில் பங்கு வந்தால், அது மக்கள் திட்டம் ஆகாது.

இதைப் பேச இடமும் இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்குப் பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று, தமிழக நகரங்களில் இக்கூட்டங்கள் நடந்தன. அடுத்த கூட்டத்துக்கு நம் பெண்கள் மனுவோடு மட்டும் போகாமல், தாங்களே தயாரித்த பட்டியலோடு போக வேண்டும்: எத்தனை வீடுகளில் ஷூ தைக்கிறார்கள், ஜோடிக்கு என்ன கூலி, எத்தனை பேர் வாரியத்தில் பதிவு செய்யவில்லை, எந்த வீட்டில் எவ்வளவு கடன். துணைத்திட்ட நிதியில் தம் வார்டுக்கு என்ன வந்தது என்று அங்கே கேட்டு, கேள்வியைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், உங்கள் தெரு. வாரியப் பதிவு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத அம்மாக்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.