ஆளைத் தேடுமுன்: தோற்கும் அணியின் இடைப்பருவம்

அமெரிக்கர்கள் கால்பந்து என்று பெயரிட்டுவிட்டுப் பெரும்பாலும் கையால் ஆடுகின்ற ஆட்டத்தைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் தொடங்கும்போது சிறு தயக்கம் எழுவது இயல்பே. ஆனால் நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஆட்டத்தை அன்று; ஆட்டம் இல்லாத காலத்தை. செப்டம்பரில் தொடங்கும் என்.எஃப்.எல். பருவம் தோற்ற அணிகளுக்கு ஜனவரியின் முதல் வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. அன்று முதல் ஆகஸ்டு இறுதி வரை, ஏறத்தாழ எட்டு மாதங்கள், அந்த அணிகள் ஒரே வேலையில்தான் மூழ்கியிருக்கின்றன: யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது, யாரைப் புதிதாகச் சேர்ப்பது. ஒரு தொகைநூலைப் பதிப்பிப்பவருக்கு உள்ள அதே இடர்ப்பாடு இது. இடம் குறைவு, வேட்பாளர் பலர், சேர்த்தவற்றைக் கொண்டு மட்டுமல்லாது, விடுத்தவற்றைக் கொண்டும் பதிப்பாசிரியர் மதிப்பிடப்படுவார்.

தோற்கும் அணியின் பெருங்குறை திறமையின்மை அன்று, தோல்வியின் வெட்கத்தை உடனே துடைத்துவிடத் துடிக்கும் அவசரமே என்பது நம் துணிபு. இதற்கு டெட்ராய்ட் லயன்ஸ் அணியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஒரே அணி, ஒரே உரிமைக் குடும்பம். ஆயினும் ஒருமுறை தவறாகவும் மறுமுறை சரியாகவும் இக்கணக்கைப் போட்டுக்காட்டியது.

முதலில் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அணிகள் 32. கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களை அவை ஆண்டுதோறும் ஏப்ரலில் டிராஃப்ட் என்னும் முறைப்படி, ஏழு சுற்றுகளில், வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் வாய்ப்பு. 1936-இல் தொடங்கிய இந்த ஏற்பாடு, வலியவர் மேலும் வலியவராவதைத் தடுக்க எண்ணி வகுக்கப்பட்டது. 1994 முதல் சம்பள உச்சவரம்பும் உண்டு. எவ்வளவு செல்வம் உள்ள உரிமையாளரும் அதற்கு மேல் செலவிட முடியாது. 2021-இல் அவ்வரம்பு 18 கோடியே 25 லட்சம் டாலர். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒப்பந்த முன்பணத்தைப் பல ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதலாம். ஆனால் வீரரை இடையில் அனுப்பிவிட்டால் எஞ்சிய பங்கு அணியின் கணக்கிலேயே நிற்கும். எழுந்து போனவருக்கும் இலை போட்டாக வேண்டும் என்பதுதான் விதி. அவசரத்தில் செய்த தேர்வு ஒரு பருவத்தோடு தீராமல் அடுத்தடுத்த பருவங்களையும் அரிப்பது இதனால்தான்.

இனி டெட்ராய்ட்டின் முதற்கதை. 2001 முதல் 2008 செப்டம்பர் வரை மேட் மில்லன் அந்த அணியின் தலைமை நிர்வாகியாக இருந்தார். 2003, 2004, 2005, 2007 ஆகிய நான்கு ஆண்டுகளின் முதற்சுற்றுகளில் அவர் வைட் ரிசீவர்களை, அதாவது எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்களை, தேர்ந்தெடுத்தார்: சார்லஸ் ராஜர்ஸ், ராய் வில்லியம்ஸ், மைக் வில்லியம்ஸ், கால்வின் ஜான்சன். கண்ணுக்குத் தெரியும் வீரர் அவர்தான். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்படுவதும் அவர் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் காட்சிதான். பந்தை எறிபவருக்கு மூன்று விநாடி அவகாசம் பெற்றுத் தருவதற்காக எதிரிகளை மார்பால் தாங்கி நிற்கும் ஐந்து முன்வரிசைக்காரர்களின் பெயரைப் பெரும்பாலான ரசிகர்கள் அறியார். ஆனால் அந்த மூன்று விநாடி இல்லையேல் பந்து எறியப்படுவதே இல்லை, பிடிப்பதெங்கே?

தனித்தனியே பார்த்தால் இத்தேர்வுகள் எல்லாம் மூடத்தனமானவை என்று சொல்லிவிட முடியாது. ராஜர்ஸுக்கு அடுத்தடுத்து இரு பருவங்களில் காறை எலும்பு முறிந்ததை யார் முன்னறிந்திருக்க முடியும்? ஜான்சனோ, அந்த இடத்தில் ஆடியவர்களுள் மிகச் சிறந்தோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 2008-இல் ஜான்சன் 1,331 கெஜம் ஈட்டினார், 12 டச்டவுன்கள் அடித்தார். அதே 2008-இல் அணி 16 ஆட்டங்களிலும் தோற்றது. 16 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஒன்றைக்கூட வெல்லாத முதல் அணி என்ற பெயரையும் பெற்றது. சரியான ஆளைச் சரியல்லாத காலத்தில் சேர்த்தால் என்ன விளையும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அப்பருவத்தின் மூன்றாம் தோல்விக்குப் பின் மில்லன் நீக்கப்பட்டபோது, அவர் காலத்துக் கணக்கு 31 வெற்றி, 84 தோல்வி.

தோல்விக்குப் பரிசாக 2009-இல் முதல் வாய்ப்பு கிடைத்தது. பந்தெறியும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்ட் வந்தார். ஆனால் அக்காலத்தில் பரிசே சுமையாகவும் இருந்தது. அவருக்கு உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டும் 4 கோடியே 17 லட்சம் டாலர். அடுத்த ஆண்டு முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 5 கோடி. 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரையறை வந்த பின், அவ்வாண்டின் முதல் தேர்வான காம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கும் சேர்த்து 2 கோடியே 20 லட்சம் அளவில் நின்றது. தோற்ற அணி நல்ல இளைஞரை மலிவாகப் பெற்று, மிஞ்சும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பக் கூடிய நிலை அன்றுதான் பிறந்தது.

ஸ்டாஃபோர்ட் டெட்ராய்ட்டில் 12 பருவங்கள் ஆடினார். பிளேஆஃப் ஆட்டங்கள் மூன்றில் ஆடி மூன்றிலும் தோற்றார். ஜான்சன் ஒன்பது பருவங்களுக்குப் பின், 30 வயதில், 2016-இல் ஓய்வு பெற்றார். அதற்கு முன் 1999-இல் பேரி சாண்டர்ஸ் என்ற மாபெரும் ஓட்டக்காரரும் தம் ஆற்றல் குன்றாத வயதிலேயே விலகினார். இருவரிடமும் அணி முன்பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. அணித் திட்டமிடலை வெறும் வணிகக் கணக்கு என்று ஒதுக்க நம்மால் இயலாததற்குக் காரணம் இதுவே. கால்பந்து வீரரின் ஆட்ட வாழ்வு மிகக் குறுகியது. நிர்வாகி வீணாக்கும் ஓராண்டை அவர் அடுத்த ஆண்டு ஈடுசெய்துகொள்ளலாம். வீரருக்கு அது திரும்புவதில்லை.

திருக்குறளின் அரசியற் பகுதியில், பரிமேலழகர் உரைவழி நாம் இன்று படிக்கும் வரிசையில், தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களும் முன்னே நிற்க, ஆளைத் தேர்வது பற்றிய தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் அவற்றின் பின்னரே வருகின்றன. தன் வலியையும் காலத்தையும் இடத்தையும் அறியாதவன் ஆளைத் தேடப் புறப்படலாகாது என்று இந்த வைப்புமுறைக்குப் பொருள் கொள்வது தவறாகாது. மில்லன் காலத்து டெட்ராய்ட் இதைத் தலைகீழாகச் செய்தது.

2021-இல் நடந்தது வேறு. உரிமைப் பொறுப்பை முந்தைய ஆண்டு ஏற்றிருந்த ஷீலா ஃபோர்டு ஹாம்ப், பிராட் ஹோம்ஸைப் பொது மேலாளராக ஐந்தாண்டுக்கும், டான் கேம்பெலைத் தலைமைப் பயிற்சியாளராக ஆறாண்டுக்கும் ஒப்பந்தம் செய்தார். வீரர்களுக்கு முன்னால் வாங்கப்பட்டது காலம்! அடுத்த வேலை, ஸ்டாஃபோர்டைப் பிரிவது. அணி வெல்லத் தகுதி பெறும் நாளில் அவருக்கு வயது கூடியிருக்கும் என்பதை இரு தரப்பும் உணர்ந்திருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அவரைப் பெற்றுக்கொண்டு, 2022, 2023-ஆம் ஆண்டுகளின் முதற்சுற்று வாய்ப்புகளையும் 2021-இன் மூன்றாம் சுற்று வாய்ப்பு ஒன்றையும், தமக்கு வேண்டாதவராகிவிட்ட குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபையும் தந்தது. அடுத்த பருவத்திலேயே ஸ்டாஃபோர்ட் ராம்ஸுக்குச் சூப்பர் பவுல் வென்று தந்தார். ஏமாந்தது டெட்ராய்ட் என்று அன்று பலரும் எண்ணியிருப்பர்.

அவ்வாண்டு டிராஃப்டில் ஹோம்ஸ் முதலாவதாக எடுத்தது பெனே சூவல் என்ற முன்வரிசைக்காரரை. பந்து பிடிப்பவரை நான்காம் சுற்று வரை அவர் எடுக்கவில்லை. மொத்தத் தேர்வில் 112-ஆவதாக, தம் இடத்துக்குரியவர்களுள் 17-ஆவதாக, அமோன்-ரா செயின்ட் பிரவுன் வந்து சேர்ந்தார். முதலில் தாங்கி நிற்பவர். பின்னரே பாய்ந்து பிடிப்பவர். அப்பருவத்தில் முதல் 11 ஆட்டங்களில் ஒரு வெற்றியும் இல்லை. பத்துத் தோல்வி, ஒரு சமநிலை. 2021 டிசம்பர் 5 அன்று மின்னசோட்டாவுக்கு எதிராக, ஆட்டத்தின் கடைசி வீச்சில், காஃப் எறிந்த பந்தைச் செயின்ட் பிரவுன் பிடித்து முதல் வெற்றியைத் தந்தார். பிறர் வேண்டாமென்றவர் எறிந்தார்; பிறர் கடந்து சென்றவர் பிடித்தார்.

பொறுமை என்பது தோல்விக்கு இட்ட அழகிய பெயர்தானே என்று வினவுவோர் உண்டு. இக்கேள்வியில் நியாயம் உள்ளது. கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் 32 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை வென்றது. அக்காலம் முழுதும் எதிர்கால வாய்ப்புகளைச் சேமித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டது. சேமிப்பு ஓரளவு பயன் தரவும் செய்தது. 2020 பருவத்தில் பிளேஆஃபில் ஓர் ஆட்டத்தை வென்றது. ஆனால் 2022 மார்ச்சில், மூன்று முதற்சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தும், முழுவதும் உறுதியளிக்கப்பட்ட 23 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தும், டெஷான் வாட்சனைப் பெற்றது. பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளின்பேரில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. 11 ஆட்டத் தடையும் பின்னர் காயங்களும் சேர, முதல் மூன்று பருவங்களில் அவர் தொடக்க வீரராக ஆடியவை 19 ஆட்டங்களே. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொறுமையை ஒரே நாளில் செலவழித்த கதை இது. அத்துடன், ஆளைத் தேர்வதில் ஆட்டத்திறன் மட்டுமே அளவுகோலாகிவிட்ட கதையும்கூட.

ஆகவே பொறுமை மட்டும் போதாது. தோற்கும் நாட்களில் அணி என்ன செய்கிறது என்பதும் முக்கியம். 2022 ஜனவரி 9 அன்று, பருவத்தின் கடைசி நாளில், டெட்ராய்ட் தோற்றிருந்தால் டிராஃப்டின் முதல் வாய்ப்பு அதற்கே வந்திருக்கும். கிரீன்பே தன் முதன்மை வீரர்கள் சிலரைப் பாதியில் அமர்த்தி ஓய்வு கொடுத்திருந்தது உண்மைதான். ஆயினும் டெட்ராய்ட் வென்று இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அவ்விடத்தில் கிடைத்தவர் மிச்சிகன் மண்ணிலேயே வளர்ந்த எய்டன் ஹட்சின்சன். இன்றைய வீரர்களிடம் நாளைக்காகத் தோற்றுக்கொடு என்று சொல்லும் அணி, நாளை வரும் வீரர்களிடம் வெல் என்று எந்த வாயால் சொல்லும்?

2022 அக்டோபரில் அணி ஒரு வெற்றி, ஐந்து தோல்வி என்று கிடந்தபோது ஷீலா ஃபோர்டு ஹாம்ப் செய்தியாளர்முன் வந்து மேலாளரையும் பயிற்சியாளரையும் ஆதரித்துப் பேசினார். ஒருவரைப் பதவி நீக்கினால் ஊர் ஒரு வாரம் அமைதியடைந்திருக்கும். அவர் அந்த மலிவான அமைதியை வாங்கவில்லை. அப்பருவம் ஒன்பதுக்கு எட்டு என்று நிறைவுற்றது. 2023-இல் 12 வெற்றிகள், 2024-இல் 15. ராம்ஸிடமிருந்து பெற்ற வாய்ப்புகள் பண்டமாற்றில் பெருகி ஜாமிர் கிப்ஸ், சாம் லபோர்ட்டா போன்றோரைக் கொண்டுவந்தன. வேண்டாதவராக வந்த காஃபுக்கு 2024-இல் நான்காண்டுக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது.

2024 ஜனவரி 14 அன்று, 1992 ஜனவரிக்குப் பின் முதல் பிளேஆஃப் வெற்றியை, 24-23 என்ற கணக்கில், டெட்ராய்ட் பெற்றது. எதிரணி ராம்ஸ்; அதன் குவார்ட்டர்பேக் ஸ்டாஃபோர்ட். இரு வாரங்களில் சான்பிரான்சிஸ்கோவிடம், பாதி ஆட்டத்தில் 24-7 என முன்னணியில் இருந்தும், 34-31 என்று தோற்று வெளியேறியது. அடுத்த பருவத்திலும் சூப்பர் பவுலை எட்டவில்லை. நல்ல திட்டம் பட்டத்துக்கு உறுதிச்சீட்டு ஆகாது. பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதியைத்தான் அது தரும். அதற்கு மேல் காயமும் காற்றும் ஒரு விநாடித் தடுமாற்றமும் தீர்மானிக்கின்றன.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஏதேனும் ஒரு தோற்ற அணியின் ரசிகர்கள், யாரை வாங்கப் போகிறீர்கள் என்று தம் மேலாளரைக் கேட்கிறார்கள். அவர்கள் வேறொன்றைக் கேட்க வேண்டும் என்பது நம் விருப்பம்: நாம் எப்போது வெல்லக் கூடியவர்கள் ஆவோம், அன்று இங்கே யார் இருப்பார்கள், அதுவரை இங்கே ஆடித் தோற்கப் போகிறவர்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம்? இவற்றுக்கு விடை வைத்திருப்பவர் ஆளைத் தேடப் புறப்படட்டும்.