கரியைத் துடைக்காதீர்கள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பழைய மரச்சட்ட வீடு வாங்குகிறவர்கள் பலர், சாவி கைக்கு வந்ததும் கூரைக்கடியில் ஏறிச் சுத்தம் செய்யக் கிளம்பிவிடுகிறார்கள். கரி பிடித்த கைமரங்களை மணல் பீய்ச்சித் தேய்க்கிறார்கள். உளுத்துப்போன ஓரங்களைச் செதுக்கி எறிகிறார்கள். எண்ணெய் பூசி மினுக்கிவிட்டு விருந்தாளிகளை அழைத்துக் காட்டுகிறார்கள். வீட்டின் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போட்டது அவர்களுக்குத் தெரிவதில்லை. இதை நிறுத்தச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் எசெக்ஸில் வேலை செய்யும் கட்டடப் பொறியாளர். கான்கிரீட்டும் கம்பியும் படித்துவிட்டு வந்தவள். ஓக் மரச்சட்டத்தைப் படிக்கக் கற்றது இங்கேதான், ஒரு மூத்த தச்சருக்கு டார்ச் லைட் பிடித்துக்கொண்டு. அவர் வாசலில் நின்று வீட்டை அளக்கவே மாட்டார். முகப்பை நம்பாதே என்பார். 18ஆம் நூற்றாண்டுச் செங்கல் முகப்புக்குப் பின்னால் 15ஆம் நூற்றாண்டுச் சட்டம் முழுதாக நிற்கும் வீடுகள் இங்கே உண்டு. அதனால் அவர் நேரே மேலே ஏறிவிடுவார். முதலில் தேடுவது கரியைத்தான்.

இடைக்கால ஆங்கில வீட்டின் நடுக்கூடத்துக்கு மச்சு கிடையாது. தரையில் திறந்த அடுப்பு, அண்ணாந்தால் கூரை. புகைபோக்கி இல்லாததால் புகை மேலே எழுந்து, கூரை இடுக்குகளில் கசிந்து வெளியேறியது. பல தலைமுறைப் புகை மரத்தில் படிந்தது. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கிகள் பரவியபோது, கூடத்தை இரண்டாகப் பிரித்து மச்சுப் போட்டார்கள். ஆக, இன்றைய படுக்கையறைக்கு மேலே கைமரங்கள் கருத்திருந்தால், அந்த அறை பின்னால் வந்தது. கரி எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பழைய கூடத்தின் நீளம் தெரிந்துவிடும். டெவன் பகுதியில் சில கூரைகளின் அடிப்படலத்தில் அந்தக் காலத்து வைக்கோல் கரி பிடித்து அப்படியே இருக்கிறது. இடைக்காலக் கோதுமைத் தாள்களையும் வயல் களைகளையும் ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது இணைப்புகளை. சுவரின் தலையில் ஓடும் நீண்ட உத்தரம் ஒரே மரத்தில் அமையாது. இரண்டு மரங்களை ஒட்ட வேண்டும். அந்த ஒட்டு காலத்துக்குக் காலம் மாறியது. 13ஆம் நூற்றாண்டில் நீளமாகச் சாய்த்து வெட்டிச் சேர்த்தார்கள். பின்னால் வந்த தச்சர்கள் எளிய, வேகமாக வெட்டக்கூடிய ஒட்டுகளுக்கு மாறினார்கள். இதை வரிசைப்படுத்தி 1969இல் நூலாக்கியவர் செசில் ஹியூவெட் என்ற பள்ளி ஆசிரியர். அவருடைய முறைக்கு எசெக்ஸின் கிரெஸ்ஸிங் டெம்பிளில் உள்ள இரண்டு களஞ்சியங்கள் முக்கியமான சான்றுகள். பார்லிக் களஞ்சியத்தின் மரங்கள் 1205க்கும் 1235க்கும் இடையில் வெட்டப்பட்டவை. கோதுமைக் களஞ்சியத்துக்கு 1257 முதல் 1280 வரை.

ஒட்டைப் பார்த்து நூற்றாண்டைச் சொல்லலாம். ஆண்டைச் சொல்ல முடியாது. கற்ற வெட்டைத் தச்சர்கள் எளிதில் விடுவதில்லை. ஊருக்கு ஊர் பழக்கமும் வேறு. ஆண்டு வேண்டுமென்றால் மரத்தின் வளையங்களைத்தான் கேட்க வேண்டும். விரல் தடிமனில் ஒரு குச்சியைத் துளைத்தெடுத்து, வளையங்களின் அகலத்தை அளந்து, காலம் தெரிந்த வரிசைகளோடு பொருத்துகிறார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் அகன்ற வளையம், வறண்ட ஆண்டில் குறுகியது. அன்றைய தச்சர்கள் ஓக்கைக் காயவைத்து வேலை செய்யவில்லை. காய்ந்தால் உளி இறங்காது. பச்சை மரத்திலேயே சட்டத்தைக் கோத்து, மர ஆணி அடித்து நிறுத்தினார்கள். ஆகவே மரம் வெட்டிய ஆண்டும் வீடு எழுந்த ஆண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்தே இருக்கும்.

உளுத்த ஓரத்தை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். ஓக்கின் வைரக்கட்டை கெட்டி. அதைச் சுற்றியுள்ள சாற்றுக்கட்டை மென்மையானது. வண்டு முதலில் துளைப்பது அங்கேதான், வேலையாட்கள் முதலில் செதுக்குவதும் அதைத்தான். தென் இங்கிலாந்து ஓக்கில் அந்தப் பகுதியில் பெரும்பாலும் 9 முதல் 41 வளையங்கள் இருக்கும். வைரம் முடியும் வளையம் 1400 என்று வைத்துக்கொண்டால், மரம் 1409க்கும் 1441க்கும் இடையில் விழுந்தது என்று சொல்லலாம். பட்டையோரம் வரை மிஞ்சியிருந்தால் ஆண்டு மட்டுமல்ல, பருவமும் தெரியும். சாற்றுக்கட்டை முழுவதும் போய்விட்டால், ‘இந்த ஆண்டுக்குப் பிறகு எப்போதோ’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்டு தெரிந்து என்ன ஆகப்போகிறது? கோட்டைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ஏடுகள் உண்டு. குடியானவர் வீட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடையாது. இடைக்கால உழவர்கள் சில ஆண்டுகளில் சரிந்துவிடும் குடிசைகளில்தான் வாழ்ந்தார்கள், அவற்றில் எதுவும் மிஞ்சவில்லை என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். நாட் ஆல்காக்கும் டான் மைல்ஸும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, மத்திய இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளின் காலத்தைக் கணித்து அந்த எண்ணத்தை மாற்றியது. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் வந்த தலைமுறைகளில், வளைந்த பெருமரங்களை எதிரெதிரே சாய்த்து நிறுத்தி உழவர்கள் கட்டிய வீடுகள் இன்றும் குடியிருக்கத் தகுந்தவையாக நிற்கின்றன. எழுதப்படாத மனிதர்களுக்குச் சாட்சி அவர்களுடைய கூரைதான்.

லண்டனை விட்டு இந்தப் பக்கம் வீடு வாங்கிய நம்மூர்த் தம்பி ஒருவன், “அக்கா, அடுப்புக்கரிக்குக் கீழே எப்படித் தூங்குறது? வீடு மியூசியமா?” என்று கேட்டான். கேள்வி நியாயமானது. குழந்தைகள் வளரும் வீட்டில் தூசு கொட்டக்கூடாது. குளிருக்கு அடைப்பு வேண்டும். தாங்காத மரத்தை மாற்றத்தான் வேண்டும். அவனிடம் நான் கேட்டது வரிசையை மாற்றத்தான். முதலில் படி, பிறகு தொடு. கூரைக்குக் கீழே மச்சு இருக்கும்போது மேலே இருக்கும் கரி யாருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை.

பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் தன்மை கெடும்படி அனுமதியின்றி மாற்றுவது 1990 சட்டப்படி இங்கே குற்றம். ஆனால் துடைப்பத்தோடு ஏறுகிறவர் அதை மாற்றம் என்றே நினைப்பதில்லை. ஆகவே உள்ளூராட்சிகள், பழைய வீட்டில் எந்தக் கூரை வேலைக்கு அனுமதி தந்தாலும், தொடங்குமுன் ஒவ்வொரு சட்டத்தையும் படமெடுத்து ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். தச்சர்கள் துண்டுகளில் வெட்டிய ரோமன் எண்களும், வெறுமையாகத் திறந்திருக்கும் துளைகளும் அதில் பதிவாக வேண்டும். அந்தத் துளைகளைப் பார்த்ததும் ‘கப்பல் மரம்’ என்று கதை கட்டுகிறார்கள். பெரும்பாலும் அங்கே முன்பு ஒரு தடுப்புச் சுவர் இருந்திருக்கும், அல்லது மரம் வேறொரு பழைய வீட்டிலிருந்து வந்திருக்கும்.

வீட்டுக்காரர்களுக்கு அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கைபேசிக் கேமரா போதும். மரத்தை வெட்டியே ஆகவேண்டுமென்றால், கழித்த துண்டை அடுப்பில் போடாமல், எந்தக் கைமரத்திலிருந்து வந்தது என்று அதன்மேலேயே எழுதி எடுத்து வையுங்கள். பட்டையோரம் அதில் ஒட்டியிருந்தால், உங்கள் வீட்டின் ஆண்டைச் சொல்ல அந்தத் துண்டே போதுமானதாக இருக்கலாம்.