விமானத்தில் ஒரு மணி நேரம். ஓசூர்க்காரருக்கு மட்டும் ஆறு மணி நேரம் ஏன்?

பெங்களூரு - சென்னை வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். டிக்கெட் ஆப்பில் பயண நேரம் ஒரு மணி நேரம் என்றுதான் காட்டும். விமானம் வானத்தில் இருப்பது அதிலும் முக்கால் மணி நேரம்தான். இதை நம்பி ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர் 'மதியம் கிளம்பினா சாயங்காலம் சென்னையில மீட்டிங்' என்று திட்டம் போட்டால், மாட்டிக்கொள்வார்.

காரணம் வானத்தில் இல்லை, ரோட்டில் இருக்கிறது. கெம்பேகவுடா விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில். ஓசூர் நேர் எதிரே, தெற்கே. நேர்கோட்டில் பார்த்தால் 50 கிலோமீட்டர் சொச்சம்தான். சாலையில் 75-ஐத் தாண்டும். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று நகரத்தை முழுசா கடக்க இரண்டு, இரண்டரை மணி நேரம். செக்-இன், செக்யூரிட்டிக்காக ஒன்றரை மணி நேரம் முன்பே போக வேண்டும். பறக்க ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக இன்னும் ஒரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் ஆறு மணி நேரம் வந்துவிடும். கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக காரில் போனாலும் கிட்டத்தட்ட அதே ஆறு மணி நேரம்தான். அப்புறம் எதுக்கு விமானம்?

ஓசூரிலேயே விமான நிலையம் இருந்தால் இதில் இரண்டு மணி நேரமாவது மிச்சமாகும். 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடி பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று முதல்வர் ஸ்டாலின் 2024 ஜூன் 27-ல் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்காக 2004-ல் போட்ட ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறது. அந்த நிலையம் திறந்த 2008 மே மாதத்திலிருந்து 25 ஆண்டுகளுக்கு, 150 கிலோமீட்டர் சுற்றளவில் போட்டி விமான நிலையம் கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் விலக்கு உண்டு, ஓசூருக்கு இல்லை. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு காட்டியதும் இந்த நிபந்தனையைத்தான்.

அதாவது 2033 வரை சிக்கல். அதுவரை அறிவிப்பை மட்டும் நம்பிக் காத்திருப்பது ஓசூருக்கு உதவாது. கைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு வழி இருக்கிறது: மெட்ரோ. பெங்களூரு மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. அதில் ஏறி சில்க் போர்டில் மாறினால், இப்போது கட்டிவரும் நீலப் பாதை நேராக விமான நிலையத்துக்கே போகும். பாக்கி இருப்பது பொம்மசந்திரா - ஓசூர் இணைப்பு, 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாத்தியக்கூறு ஆய்வோடு அது நிற்கிறது. இணைப்பு வந்தால் முதலீடு ஓசூர் பக்கம் போய்விடும் என்று கர்நாடகத்தில் சிலர் எதிர்க்கிறார்கள். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானவர்களில் இரண்டு மாநிலத்தவரும் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். விமான நிலையத்துக்குக் கொடுக்கும் குரலில் பாதியையாவது தமிழக அரசு இந்த 20 கிலோமீட்டருக்கும் கொடுக்கலாம். இதற்கு 2033 வரை காத்திருக்கச் சொல்லி எந்த ஒப்பந்தமும் இல்லை.